அனுமதி கொடுத்த பிறகும் ஏ.அவுட் ஏன் ஓட மறுக்கிறது?

தேவகோட்டையிலிருந்து எம்சிஏ முதலாமாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தன் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறார். கல்லூரியில் எழுதிய சி நிரல்கள் எல்லாம் பென் டிரைவில் இருப்பதால், அதைச் செருகி அதற்குள்ளேயே ஜிசிசி கம்பைலரைக் கொண்டு கம்பைல் செய்திருக்கிறார். பிழை ஒன்றும் வரவில்லை. ஆனால் அதில் உருவான ஏ.அவுட் என்ற நிரலை ஓட்ட ./ஏ.அவுட் என்று அடித்தால் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தார். அது மறுபேச்சு இல்லாமல் முடிந்துவிட்டது, ஆனால் எல்எஸ் -எல் அடித்துப் பார்த்தால், ஓட்டும் அனுமதியைக் காட்டும் எக்ஸ் குறி எங்குமே இல்லை. ரூட் என்ற தலைமைப் பயனரின் அதிகாரத்தில் ஓட்டும் சூடோவைப் போட்டுப் பார்த்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது, கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே. உபுண்டுவை மறுபடி நிறுவ வேண்டுமா, அல்லது கம்பைலரில் கோளாறா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. அவர் உண்மையில் கேட்பது, அனுமதி கொடுக்க வேண்டிய நானே கொடுத்துவிட்டேன், அப்புறம் மறுப்பது யார் என்பதுதான். காரைக்குடியில் ஒரு கல்லூரி லேபைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என் மேசைக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கம்பைல் செய்து வந்த நிரலுக்கு நீங்கள் சிஎச்மாட் போட வேண்டிய அவசியமே கிடையாது. ஜிசிசி கடைசியாக, துண்டுகளைக் கோத்து முழு நிரலாக்கும் லிங்கரைக் கூப்பிடும், லிங்கர் முழு நிரலை எழுதி வைக்கும்போதே அதற்கு எக்ஸ் அனுமதியையும் போட்டுத்தான் வைக்கும். புதிய கோப்பில் எந்த அனுமதிகளை விட்டுவிடுவது என்று சொல்லும் யுமாஸ்க் 022 என்றால் 755 ஆகவும், 002 என்றால் 775 ஆகவும் வந்து நிற்கும். இந்த மூன்று இலக்கங்களும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோருக்கானவை; படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 என்று கூட்டி வருபவை. நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்காக எழுதும் ஸ்கிரிப்டுக்குத்தான் நாம் கையால் எக்ஸ் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதை எழுதுவது எடிட்டர். எடிட்டருக்கு அது ஓடப்போகிற கோப்பு என்று தெரியாது. ஆகவே புதிதாகக் கம்பைல் செய்த ஏ.அவுட்டில் எக்ஸ் இல்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது கோப்பை அல்ல, அது உட்கார்ந்திருக்கும் இடத்தை.

உங்கள் பென் டிரைவை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. சிஎச்மாட் பிழை காட்டாமல் முடிகிறது, ஆனால் எதுவும் மாறவில்லை. இப்படி நடந்தால் அந்த இடத்தில் அனுமதியை எழுதி வைக்க வசதியே இல்லை என்று அர்த்தம். அது உறுதி. அந்த வட்டின் கோப்பு முறை, அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, ஃபேட்32 ஆக இருக்கும் என்பது என் ஊகம், ஆனால் வலுவான ஊகம். எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ ஆக இருந்தால் உபுண்டுவில் வழக்கமாக எல்லாக் கோப்புக்கும் எக்ஸ் இருப்பதாகவே காட்டும். ஒன்றுக்கும் காட்டாமல் இருப்பது ஃபேட்32 அடையாளம்.

காரணம் இதுதான். யுனிக்ஸில் இந்த ஏற்பாடு ரொம்பப் பழையது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே சிஎச்மாட் இருக்கிறது. ஒரே கணினியைப் பல பேர் பங்குபோட்டுப் பயன்படுத்திய காலம், அதனால் யாருடையது, யார் ஓட்டலாம் என்று ஒவ்வொரு கோப்போடும் எழுதி வைத்தார்கள். ஃபேட் குடும்பம் தனியாள் கணினிக்காக வந்தது. உரிமையாளர் யார் என்று எழுத அதில் இடமே கிடையாது. படிக்க மட்டும், மறைவு, சிஸ்டம், ஆர்க்கைவ் என்று சில குறிகள், அவ்வளவுதான். டாஸ், விண்டோஸ் உலகத்தில் ஒரு கோப்பு ஓடுமா என்பதை அதன் பெயரின் வால் சொல்லிவிடும். லினக்ஸில் வாலுக்கு மதிப்பில்லை, எக்ஸ் குறிக்குத்தான் மதிப்பு.

இந்த இரண்டு உலகமும் உங்கள் பென் டிரைவில் மோதிக்கொள்கின்றன. பென் டிரைவைச் செருகியதும் உபுண்டு அதைத் தானாக மவுண்ட் செய்யும்போது, அதாவது தன் ஃபோல்டர் அமைப்போடு இணைக்கும்போது, ‘ஷோஎக்ஸெக்’ என்று ஒரு விருப்பத்தைச் சேர்க்கிறது. எக்ஸ்இ, காம், பேட் என்ற மூன்று வால்களில் முடிகிற பெயர்களுக்கு மட்டும் எக்ஸ் காட்டு, மற்றதற்குக் காட்டாதே என்பது அதன் பொருள். நம்பிக்கை வரவில்லையா? அதே பென் டிரைவில் ஜிசிசி -ஓ கூட்டு.எக்ஸ்இ கூட்டு.சி என்று கம்பைல் செய்துவிட்டு எல்எஸ் -எல் அடித்துப் பாருங்கள். கூட்டு.எக்ஸ்இ வரியில் எக்ஸ் வந்து நிற்கும், ./கூட்டு.எக்ஸ்இ ஓடும். உள்ளே இருப்பது விண்டோஸ் நிரல் அல்ல, சுத்தமான லினக்ஸ் நிரல். பெயரின் வால் மட்டும்தான் வேறு. ஒவ்வொரு வருஷமும் இதை வகுப்பில் செய்து காட்டுவேன், அனுமதி எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஒரு வரியில் பிடிபட்டுவிடும். காட்டத்தான் இது, வேலையை இப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சரி, சூடோ ஏன் உதவவில்லை? ரூட் என்றால் எல்லாம் முடியும் என்று நாம் நினைக்கிறோம். படிப்பதிலும் எழுதுவதிலும் அது ஏறக்குறைய உண்மை. ஓட்டுவதில் மட்டும் லினக்ஸின் மையமான கர்னல் ரூட்டுக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று இடத்தில் ஏதாவது ஒன்றிலாவது எக்ஸ் இருக்க வேண்டும். ஒன்றிலும் இல்லாவிட்டால் ரூட்டும் ஓட்ட முடியாது. சூடோ நிரல் முன்கூட்டியே இதைப் பார்த்துக்கொள்கிறது; எக்ஸ் இல்லாத கோப்பை அது கட்டளையாகவே எண்ணுவதில்லை, அதனால்தான் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. கோப்பு காணவில்லை என்று அது சொல்லவில்லை, ஓட்டக்கூடிய கோப்பு காணவில்லை என்கிறது. வார்த்தை குழப்பமானதுதான், மாணவர்கள் இதில் மணிக்கணக்காக மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதன் அறிகுறி வேறு. எல்எஸ் -எல் அடித்தால் எக்ஸ் அழகாகத் தெரியும், ஆனாலும் மறுக்கும். அப்போது அந்த இடத்தை ‘நோஎக்ஸெக்’ விருப்பத்தோடு மவுண்ட் செய்திருப்பார்கள். சர்வர்களில் பாதுகாப்புக்காக /டெம்ப் ஃபோல்டரையே அப்படி வைப்பவர்கள் உண்டு. அங்கேயும் ரூட்டுக்கு விலக்கில்லை. மவுண்ட் என்று அடித்து, வரும் பட்டியலில் உங்கள் பென் டிரைவின் வரியைத் தேடுங்கள். அடைப்புக்குள் ஷோஎக்ஸெக் இருந்தால் முதல் கதை, நோஎக்ஸெக் இருந்தால் இரண்டாவது கதை. லேப்டாப் இல்லாமல் கைபேசியில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை வைத்து சி பழகுகிறவர்களும் இங்கே நிறைய. பதிவிறக்க ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் அவர்களுக்கும் இதே மறுப்புதான் வரும், பொது நினைவகத்தில் ஓட்டும் அனுமதி கிடையாது. டெர்மக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அனுமதி என்றதும் எல்லோரும் கோப்பை மட்டுமே பார்க்கிறார்கள், வழியைப் பார்ப்பதில்லை. நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டில் உள்ள ஒரு அறைக்குப் போக வேண்டுமானால் முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டித்தான் போக வேண்டும். அறைச் சாவி கையில் இருந்தாலும் முகப்புக் கதவு பூட்டியிருந்தால் தெருவில்தான் நிற்பீர்கள். ஃபோல்டரில் எக்ஸ் என்பது ஓட்டும் அனுமதி அல்ல, கடந்துபோகும் அனுமதி. ஆர் என்பது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கும் அனுமதி. ஆர் இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால், பெயர் தெரிந்த கோப்பை நேரே போய்த் திறக்கலாம், ஆனால் பட்டியல் பார்க்க முடியாது. எக்ஸ் இல்லாமல் ஆர் மட்டும் இருந்தால் பெயர்கள் தெரியும், எதையும் தொட முடியாது. நண்பரின் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் நிரல் 755 ஆகவே இருந்தும் உங்களுக்கு ஓடவில்லை என்றால், எல்எஸ் -எல்டி கொண்டு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டராகப் பாருங்கள். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 ஆகத்தான் உருவாகிறது; அதற்கு முன் 755. பழைய கணினியில் நடந்தது புதியதில் நடக்கவில்லை என்பதற்கு எங்கள் லேபில் அதுதான் காரணமாக இருந்தது.

உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றையும் வீட்டுக்காரர், பங்காளிகள், வெளியார் என்று சொல்லித்தான் நான் நடத்துவது. செட்டிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடத்தில் இந்த உவமை உதவாது. கர்னல் மூன்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளரா என்று முதலில் பார்க்கும். ஆம் என்றால் உரிமையாளருக்குரிய மூன்று குறிகளை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடும், குழுவுக்கும் மற்றவருக்கும் என்ன இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. ஒரு கோப்பை 077 என்று வைத்தால், ஊரே அதை ஓட்டலாம், அதை உருவாக்கிய உங்களுக்கு மட்டும் மறுப்பு. பங்காளிக்குத் திறக்கிற கதவு வீட்டுக்காரருக்குத் திறக்காத வீடு எந்த ஊரிலும் கிடையாது, லினக்ஸில் உண்டு. உரிமையாளர் நீங்கள்தான் என்பதால் சிஎச்மாட் யூ+எக்ஸ் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது 777 பற்றி. நீங்கள் அதைத்தான் முதலில் போட்டீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு எங்கள் லேப் சர்வரில் மாணவர்கள் செய்முறைத் தேர்வு நிரல்களைப் போட்டு வைக்க ஒரு பொது ஃபோல்டர் உருவாக்கினேன். சேமிக்க முடியவில்லை என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவசரத்தில் 777 போட்டேன், எல்லாருக்கும் வேலை நடந்தது. தேர்வுக்கு முதல் நாள் மாலை ஒரு மாணவி தன் கோப்புகளை அழிப்பதாக நினைத்து அந்தப் பொது ஃபோல்டரிலேயே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் -எஃப் * அடித்துவிட்டார். முப்பதுக்கு மேற்பட்ட பேருடைய நிரல்கள் ஒரே நொடியில் போயின. ‘என் கோப்பு 644 தானே சார், அவங்க எப்படி அழிச்சாங்க?’ என்று ஒரு பையன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவன் கேட்டது சரியான கேள்வி. கோப்பை அழிப்பது கோப்பின் அனுமதியைப் பொறுத்தது அல்ல. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதியைப் பொறுத்தது. பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்குவதுதானே அழிப்பது, பட்டியல் ஃபோல்டருக்குச் சொந்தம். அன்றிரவு பத்து மணிவரை மாணவர்களின் பென் டிரைவ்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தோம். மறுநாள் முதல் அந்த ஃபோல்டர் 1777. முன்னால் வரும் 1, ஸ்டிக்கி பிட். அதைப் போட்டால் அவரவர் கோப்பை அவரவரும் ஃபோல்டர் உரிமையாளரும் ரூட்டும் மட்டுமே அழிக்கலாம். /டெம்ப் ஃபோல்டர் எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. தவறு அந்த மாணவியுடையது அல்ல, மறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எல்லாக் கதவையும் திறந்துவிட்ட என்னுடையது.

மற்ற மறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு, மருந்தும் வேறு. புள்ளி, சாய்கோடு இல்லாமல் ஏ.அவுட் என்று மட்டும் அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வரும். ஷெல், பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டுமே தேடும், நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அதில் கிடையாது. யாராவது எல்எஸ் என்ற பெயரில் ஒரு விஷம நிரலைப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கைதான் காரணம். ஆகவே பாத்தில் புள்ளியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசனைகளைப் பின்பற்றாதீர்கள். நிரலுக்கு டெஸ்ட் என்று பெயர் வைப்பது இன்னொரு பொறி. ./ போடாமல் டெஸ்ட் என்று அடித்தால் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் டெஸ்ட் கட்டளை ஓடி, ஒன்றும் அச்சிடாமல் முடிந்துவிடும், உங்கள் பிரிண்ட்எஃப் வேலை செய்யவில்லை என்று நீங்கள் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

கூட்டு.சி கோப்புக்கே எக்ஸ் கொடுத்து ./கூட்டு.சி என்று ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. அப்போது வரும் பிழை பெரும்பாலும் மூன்றாவது வரியையோ நான்காவது வரியையோ காட்டி, மெயின் பக்கத்து அடைப்புக்குறியைக் குறை சொல்லும். ஏன் முதல் வரியைச் சொல்லவில்லை? இது இயந்திர நிரல் அல்ல என்று கர்னல் திருப்பி அனுப்பியதும், ஷெல் அதைத் தன் ஸ்கிரிப்டாக எண்ணிப் படிக்க ஆரம்பிக்கிறது. #இன்க்ளூட் வரி # குறியில் தொடங்குவதால் ஷெல்லுக்கு அது வெறும் குறிப்பு, தாண்டிப் போய்விடுகிறது. இன்ட் மெயின் வரும்போதுதான் முழிக்கிறது. ஜிசிசி -சி கொடுத்து வந்த .ஓ கோப்புக்கு எக்ஸ் கொடுத்தாலோ கதை வேறு, ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும். அது பாதி சமைத்த சாப்பாடு, லிங்கர் இன்னும் தொடவில்லை.

எல்லாவற்றிலும் குழப்புவது, கோப்பு இருக்கும்போதே ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வருவது. பழைய 32 பிட் நிரலைப் புதிய 64 பிட் கணினியில் ஓட்டும்போது பார்த்திருக்கிறேன். காணாமல் போனது உங்கள் நிரல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் லோடர். ஃபைல் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால், இன்டர்பிரிட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த லோடரைத் தேடுகிறது என்று பாதையோடு காட்டும். அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை என்றால் அதுதான் காரணம்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். நான் சொன்னதெல்லாம் கல்லூரி லேபிலும் வீட்டு லேப்டாப்பிலும் பார்த்துத் தெரிந்தது. ஃபெடோராவில் வரும் எஸ்இலினக்ஸ், உபுண்டுவில் வரும் ஆப்ஆர்மர் போன்றவை அனுமதிக் குறிகளுக்கு மேலே இன்னொரு காவல். மாணவர் எழுதிய சி நிரலை அவை தடுத்து நான் பார்த்ததில்லை, ஆனால் பெரிய நிறுவன சர்வர்களில் வேலை செய்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே என்னைவிட அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பென் டிரைவில் .சி கோப்புகளை மட்டும் வைத்திருங்கள். ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அவற்றை அங்கே நகலெடுத்து, அங்கேயே கம்பைல் செய்யுங்கள். பென் டிரைவில் இருக்கும் பழைய ஏ.அவுட்டை நகலெடுத்தால் அது எக்ஸ் இல்லாமலேதான் வந்து சேரும். ஹோமில் சிஎச்மாட் வேலை செய்யும், ஆனால் திரும்பக் கம்பைல் செய்வதே நல்லது. ஒரு கணினியில் கம்பைல் செய்ததை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவதில் வேறு தொல்லையும் இருக்கிறது. உபுண்டு 22.04 இல் கம்பைல் செய்த நிரல், கல்லூரியில் 20.04 இருந்தால், ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’, அதாவது தேவையான சி நூலகப் பதிப்பு இல்லை, என்று பெரும்பாலும் நின்றுவிடும். எக்ஸ் குறிகளோடு கோப்புகளைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் டார் கட்டளையைக் கொண்டு ஒரே கட்டாகக் கட்டிப் பென் டிரைவில் போடுங்கள். கட்டுக்குள்ளே அனுமதிகள் பத்திரமாக இருக்கும், அடுத்த கணினியின் ஹோம் ஃபோல்டரில் அவிழ்க்கும்போது திரும்ப வரும். பென் டிரைவை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைக்கு மாற்றச் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் கணினியில் அதைச் சாதாரணமாகத் திறக்க முடியாது, உங்கள் கல்லூரி லேபில் விண்டோஸ்தான் என்றால் செய்யாதீர்கள்.

ஹோம் ஃபோல்டரில் கம்பைல் செய்த பிறகும் மறுத்தால், மவுண்ட் பட்டியலில் அந்த இடத்துக்குரிய வரியையும், எல்எஸ் -எல் காட்டும் ஏ.அவுட் வரியையும், வந்த பிழையையும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.